நுனி ஆடாத கத்தி

சினிமாவில் என் வேலை தவறு பிடிப்பது. கன்டினியூட்டி என்பார்கள். ஒரு ஷாட்டில் மூடியிருந்த சட்டைப் பொத்தான் அடுத்த ஷாட்டில் திறந்திருந்தால், அதைக் கண்டு சொல்ல வேண்டியவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, இலங்கையில் ஹாலிஎலப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நடந்ததை எழுதுகிறேன்.

படம் கொலைக் கதை. ஆனால் பாட்டும் ஆட்டமும் நிறைந்தது. அன்று எடுத்த பாட்டின் முடிவில், வில்லனாக நடித்த சிவா ஆடிக்கொண்டே மெல்வினின் கழுத்தில் கத்தியை வைத்து இழுக்க வேண்டும். மெல்வின் பதுளையில் நடனம் பழக்குகிறவர். அவருக்கு அது முதல் படம். கத்திகள் இரண்டு இருந்தன. கயிறு அறுக்கும் குளோசப்புக்கு நிஜக் கத்தி. ஆட்டத்துக்கு அதே மாதிரி வெள்ளிச் சாயம் பூசிய ரப்பர் கத்தி.

காலை ஒத்திகையில் ரப்பர் கத்தியின் நுனி தாளத்துக்குத் தாளம் ஆடியது. டைரக்டரிடம் சொன்னேன். வேகத்தில் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டேக் போனோம். சிவா கத்தியைச் சுழற்றினார். மொனிட்டரில் பார்த்தேன், நுனி ஆடவில்லை. கத்திகளைச் செய்து தரும் ஆர்ட் ஆட்கள் சரிசெய்துவிட்டார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அடுத்த சுழற்சியில் விளக்கு வெளிச்சம் பட்டு அலகு பளீரென்று மின்னியது. ரப்பர் அப்படி மின்னாது.

ஷாட்டை நிறுத்தும் உரிமை டைரக்டருக்கு மட்டும்தான். ஆனாலும் அலறினேன். தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில், பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. கத்தி கழுத்துக்கு வரப் பாட்டில் இன்னும் ஒரு வரிதான். ஓடிப்போய் சிவாவைப் பிடித்தால் கை தடுமாறி அதுவே வெட்டிவிடுமோ என்று பயம். ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தேன்.

பாட்டு நின்றது. சிவாவும் அப்படியே நின்றார். கத்தி மெல்வினின் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"யாரு வயரைப் புடுங்கினது?" என்று டைரக்டர் எழுந்தார்.

வயர் இன்னும் என் கையில் இருந்தது. "சேர், அது நிஜக் கத்தி," என்றேன்.

சிவா விரலால் அலகைத் தடவினார். இரத்தம் வந்தது. கத்தியை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெல்வின் தன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலரில் நூல் அறுந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு கத்திகளையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்ட மும்முரத்தில் சிவாவுக்கும் எடை வித்தியாசம் தெரியவில்லை. யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது.

டைரக்டர் மெல்வினிடம் மன்னிப்புக் கேட்டு, அன்றைய வேலையை நிறுத்திவிட்டார்.

மறுநாள் மெல்வின் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். ஆட்டத்துக்கு எடுத்து வைத்திருந்த கத்தியை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நீங்க புடிச்சுப் பாருங்க. நீங்க சரின்னா நான் நிக்கிறேன்."

வளைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். ரப்பர்தான். சரி என்று சிவாவிடம் கொடுத்தேன், பாட்டை மறுபடி எடுத்தோம்.

நின்றுபோன டேக்கின் முதல் பாதியையும் டைரக்டர் படத்தில் சேர்த்திருந்தார். கத்தி ஒரு ஷாட்டில் விறைப்பாகவும் அடுத்ததில் வளைந்தும் இருப்பதைக் கண்டுபிடித்து இணையத்தில் சிரித்தார்கள். கன்டினியூட்டி பார்த்தவர் தூங்கிவிட்டாராம்.

படத்தில் தங்கிவிடும் தவறால் யாருக்கும் காயமில்லை. மொனிட்டரில் ஓர் ஆயுதம் குறையே இல்லாமல் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது எழுந்துபோய்க் கையால் தொட்டுப் பாருங்கள்.