தின்னத் தின்னப் பசித்த பிப்ரவரி

எல்சி அண்ணி ஐந்தடிக்கும் குறைவு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிற வேலை. அவளைப் பார்த்தால் இன்றும் நான் எழுந்து நிற்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பிப்ரவரியைத்தான் சொல்ல வேண்டும்.

வடகோடிப் பனிக்காட்டில், போர்க்குபைன் ஆற்றின் மேல்பக்கம், தோலுக்காக விலங்குகளுக்குப் பொறி வைக்கப் போய்த் தங்கிய மரக்குடிலில் மூன்று பேர் இருந்தோம்: அண்ணன் அமோஸ், அண்ணி, நான். கடுங்குளிர் பிடித்து மூன்று வாரம் விடவில்லை. மாவு தீர்ந்தது. இருந்த ஒரு டின் மான்கொழுப்பையும் அண்ணன், பனிவண்டி இழுக்கிற நாய்களுக்குப் போட்டுவிட்டான். நாய் செத்தால் ஊர் போய்ச் சேர முடியாது. எங்கள் ஆட்களுக்கு நாய்தான் முதல்.

“நமக்கென்ன, முயல்தான் வேணுங்கற அளவு விழுதே” என்றான்.

விழுந்தது உண்மை. பொட்டுக் கொழுப்பில்லாத சுத்தமான கறி. ரத்தம் ஊறும், சதை பிடிக்கும் என்று வெட்டினோம். ஒரு வாரம் போனதும், நாளுக்கு ஆளுக்கு நாலு முயல் தின்றும் பசி அடங்கவில்லை. வயிறு உப்பியது, கைகால் குச்சியானது. பிறகு பேதி. அண்ணன் படுத்துவிட்டான். படுத்தபடியே “இன்னும் போடு” என்று தட்டை நீட்டினான். செத்துவிடுவான் என்று எனக்குப் புரிந்தது. பயத்தில் இன்னொரு முயலை உரிக்க எடுத்தேன்.

அண்ணி அதைப் பிடுங்கினாள். தட்டையும் பிடுங்கினாள். சட்டியோடு கொண்டுபோய் நாய்களுக்குக் கொட்டினாள்.

“பசிக்குதுடி. கொல்லப் பாக்கறியா?” என்று அண்ணன் முனகினான்.

“அந்தக் கறிதான் உன்னக் கொல்லுது. சும்மா கெட.”

“சாகக் கெடக்கறவன் தட்டப் பிடுங்கறியே அண்ணி” என்றேன்.

“வெறுங்கறி பச்ச வெறகு மாதிரிடா. கொழுப்பு இல்லாம உள்ள எரியாது. பேசிட்டு நிக்காம போயி எலும்பத் தோண்டு.”

இலையுதிர்காலத்தில் அடித்த மூஸ் மானின் எலும்புகள் பனிக்கடியில் கிடந்தன. மஜ்ஜையை எப்போதோ உறிஞ்சியாகிவிட்டது. மூட்டும் முதுகெலும்பும்தான் மிச்சம். நிற்கத் தெம்பில்லாமல் அண்ணி மண்டியிட்டு, கோடாலியின் பின்புறத்தால் அவற்றை நொறுக்கினாள். நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு, சட்டியைக் குளிரில் வைத்தாள். மேலே வெள்ளையாகத் திரண்டது. அவ்வளவு எலும்புக்கும் ஒரே ஒரு குவளை.

கரண்டி கரண்டியாக அண்ணனுக்கு ஊட்டினாள். எனக்கு இரண்டு கரண்டி, தனக்கு இரண்டு. நாக்கில் பட்டதும் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. அத்தனை முயலுக்கும் அடங்காத பசி அந்த இரண்டு கரண்டிக்குத் தணிந்தது. என்ன மாதிரி இயந்திரம் இந்த உடம்பு என்று பிரமித்து உட்கார்ந்திருந்தேன்.

மிச்ச எலும்பையும் தினம் நொறுக்கினாள். ஐந்தாம் நாள் அதே முயல் கறியில் சிறு துண்டைக் கொழுப்பில் தோய்த்துக் கொடுத்தாள். அண்ணன் மெதுவாக மென்றான். முகம் சுளித்தான்.

“ஏண்டி, உப்புன்னு ஒண்ணு போடவே மாட்டியா?”

பத்துப் பதினைந்து நாளாக ருசி என்னவென்றே தெரியாமல் விழுங்கியவன். அண்ணி கொப்புளம் கண்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, எங்கள் முன்னாலேயே ஓவென்று அழுதாள்.