அம்மா கையால் ஊற்றிய கடைசி டம்ளர்

அம்மா, அம்மா. இப்போதும் வாயில் முதலில் அதுதான் வருகிறது. தறியில் ஒரு இழை அறுந்தால்கூட உன்னைக் கூப்பிட்டுவிடுகிறேன். கூப்பிட்ட பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வருகிறது.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நான் அழுததில் பாதிதான் உனக்காக. மீதி பயம். இன்றைக்கு அப்பா குடித்துவிடுவாரோ என்ற பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற நேரமா அது?

நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் நான், எனக்கு வந்த மாதிரி சொல்கிறேன்.

அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். தறியில் அவர் ஒரு பக்கம் உட்காருவார், சேலைக் கரைக்கு நாடா தள்ள நான் இன்னொரு பக்கம். சாராயக்கடைகளை மறுபடியும் திறந்த வருஷங்களில் அவர் காலையிலேயே குடித்துவிட்டுத்தான் தறிக்கு வருவார். குடிக்காமல் வந்தால் விரல் நடுங்கும், இழை அறுந்துகொண்டே இருக்கும். ஒரு டம்ளர் உள்ளே போனால் விரல் அடங்கிவிடும். அதனால் அது இல்லாமல் நெய்யவே முடியாது என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். காலையில் ஒன்று என்று ஆரம்பித்தது, மத்தியானம், சாயங்காலம், படுக்கும்போது என்று ஆகிவிட்டது.

ஒரு ஆடி மாசம் அம்மா அவரைப் படவேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரேணுகாம்பாள் சன்னதியில் அவர் கையில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். அன்றோடு விட்டுவிட்டேன் என்று அப்பா சத்தியம் செய்தார். அம்மா தன் பங்குக்கு, இனி இந்தக் கையால் சாராயத்தைத் தொடவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். அதுவரைக்கும் அவர் அடித்து மிரட்டினால் அவள்தான் ஊற்றிக் கொடுப்பாள்.

அப்பா வாக்கைக் காப்பாற்றினார். அதுதான் வினையாகிவிட்டது. மறுநாள் உடம்பெல்லாம் வேர்த்தது, சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் தறியில் உட்கார்ந்து, நீளமாக விரித்திருந்த பாவு நூலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னாப்பா தட்டிகினு கீற?" என்றேன்.

"எறும்பு ஊருது பாரு, பாவு பூரா எறும்பு" என்றார்.

ஒரு எறும்பும் இல்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் மேலே போய், கை கால் இழுத்து, தறிக்குழிக்குள் சரிந்தார். தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் அப்பா கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒரு அம்மாள் வேப்பிலை அடித்தாள். "ஆத்தா எறங்கியிருக்கா" என்றார்கள் சிலர். "இல்ல, சாமி குத்தம்" என்றார்கள் சிலர். இழுப்பு நின்று கண் திறந்ததும் என் தாய்மாமன் ஓடிப்போய்ச் சாராயம் வாங்கிவந்து அரை கிளாஸ் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், எல்லோருக்கும் முடிவாகிவிட்டது: குடித்தால் இருப்பார், நிறுத்தினால் செத்துப்போவார்.

அதன் பிறகு அம்மா அவரை நிறுத்தச் சொல்வதையே விட்டுவிட்டாள். அப்பாதான் போதையில் அழுவார். "விடணும்னுதான்டி கீது. வுட்டா பூடுவேன். நீயே சொல்லு, எது மேலு?"

இப்படியே இருந்திருப்போம். ஆனால் ஒரு நாள் வயிற்று வலி என்று அம்மா என்னோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, "வீட்ல ஏதாவது கவலையாம்மா?" என்று கேட்டார். இவள் வலியை விட்டுவிட்டு எறும்பிலிருந்து வலிப்பு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள், "ஜல்தி வாம்மா, உன் கதைய அப்பறம் பேசிக்கோ" என்று கத்தினார்கள். டாக்டர் அவர்களை அதட்டி உட்காரவைத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அப்பாவை அழைத்துப் போன அன்று டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நிறுத்தணும்னு நினைச்சது தப்பில்லங்க. இவ்வளவு வருஷம் குடிச்ச உடம்ப வீட்டுலயே வெச்சு ஒரேயடியா நிறுத்தினீங்க பாருங்க, அதான் தப்பு. அந்த வலிப்பு சாமியும் இல்ல, பேயும் இல்ல. இங்க வந்து படுங்க. மாத்திரை, ஊசி எல்லாம் குடுத்து பக்கத்துல இருந்து பாத்துக்கறோம்."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "சாவ மாட்டேனே சார்?"

"இங்க படுத்தா அந்தப் பயம் ரொம்பக் குறைவு. வீட்டுல தனியா பண்ணினாதான் ஆபத்து."

ஆனால் படுக்கை காலி இல்லை, திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் அப்பா வீராப்பாக, "அப்போ இன்னிலேர்ந்தே வுட்டுடறேன்" என்றார். டாக்டர் பதறிவிட்டார். "ஐயோ, அதான் கூடாதுன்றேன். வந்து படுக்கற வரைக்கும் நடுக்கம் வராத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கங்க. கூட்டாதீங்க, பட்டுனு நிறுத்தவும் நிறுத்தாதீங்க. நல்லா சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. வலிப்போ உளறலோ வந்தா நேரம் காலம் பாக்காம தூக்கிகிட்டு வந்துடுங்க."

திரும்பி வரும்போது அப்பா வழியிலேயே சொல்லிவிட்டார். "நான் கடைக்குப் போனா கொஞ்சத்தோட திரும்ப மாட்டேன். நீ வாங்கியாந்து அளந்து ஊத்து."

அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "நானா? ஆத்தா முன்னாடி சொன்னது இன்னா ஆவறது?"

தாய்மாமனை அனுப்பலாம் என்றேன். "அவன் வேணாம். அவன் எனக்கும் சேத்து அவனும் குடிப்பான், அவனுக்கும் சேத்து நானும் குடிப்பேன்" என்றார் அப்பா. அதுவும் உண்மைதான்.

மறுநாள் பகலிலேயே அம்மா பால் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். சாராயக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, பால்காரன் வர்லியா?" என்றான் ஒருத்தன்.

"அண்ணனுக்கு வூட்லயே கடை வெச்சிட்டாங்கடா" என்றான் இன்னொருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அம்மா தூக்கை நீட்டி, "மருந்துப்பா. டாக்டரு எழுதிக் குடுத்துக்கீறாரு. திங்கக்கெழமையோட முடிஞ்சிடும், அப்பறம் என் மூஞ்சிய நீ பாக்க மாட்ட" என்றாள். கடைக்காரன் சிரித்துக்கொண்டேதான் ஊற்றினான்.

வீட்டுக்கு வந்து சாமி படத்தைத் துணியால் மூடினாள். அப்புறம்தான் டம்ளரில் ஊற்றினாள். அப்போது நடுங்கியது அம்மா கை. அப்பா பார்த்துவிட்டு, "இப்ப நம்ப ரெண்டு பேர்ல யாரு குடிகாரன்?" என்றார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்த வீட்டில் டம்ளரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கஞ்சி குடித்தால்தான் டம்ளர் என்று சட்டம் போட்டாள். கேட்டதற்கெல்லாம் கொடுக்கவில்லை, நடுக்கம் கண்டால் மட்டும் கொஞ்சம். அவர் திட்டினார், கெஞ்சினார், தூங்கினார். ஒரு பாவு நெய்து முடித்து அடுத்த பாவு இன்னும் வராத சமயம் அது. தறி சும்மா இருந்ததால் நடுங்கும் கைக்கு வேலையும் இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

வார்டில் ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்து, அதையும் நாளாக நாளாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வேர்வை வந்தது, சிடுசிடுப்பு வந்தது. போன தடவை வலிப்பு வந்த அந்த மூன்றாம் நாள் வந்தபோது அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். அப்பா கண் விழித்தார். எறும்பு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னாடி மொறைக்கிற? பசிக்குது, இட்லி கெடைக்குமா?" என்றார்.

அந்த இட்லியை வாங்கிவர நான் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அப்படி நான் எதற்கும் ஓடியதில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு பொங்கலுக்குக் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா மறுநாள் காலையிலேயே அதே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அப்புறம் இல்லை. கடை இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டார். பட்டு வாங்கச் சுற்றிக்கொண்டுதான் போவார். விரல் நடுக்கம் தானாகவே நின்றது.

அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஆத்தாவிடம் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டோமே என்று. படவேட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கணும் என்பாள். பஸ் இல்லை, வேலை இருக்கிறது, அடுத்த ஆடிக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. காய்ச்சலில் படுத்தவள், எழவே இல்லை.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் புட்டி சுற்றிக்கொண்டிருந்தது. தாய்மாமன் அழுதுகொண்டே ஒரு கிளாஸை அப்பாவிடம் நீட்டினார். "மச்சான், இன்னிக்கு ஒரு நாளு போட்டுக்கோ. நெஞ்சு வெடிச்சிடும். எங்கக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கிளாஸை ரொம்ப நேரம் பார்த்தார். வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"உங்கக்கா ஊத்திக் குடுத்ததுதான்டா கடைசி" என்றார். "எடுத்துகினு போ, பேஜார் பண்ணாத." அப்புறம் என் பக்கம் திரும்பி, "மோர் இருந்தா குடும்மா" என்றார்.

மோர் கொடுத்தேன். டம்ளரைப் பிடித்த கை நடுங்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் உனக்காக மட்டும் அழுதேன், அம்மா. நிம்மதியாக அழுதேன்.

வருகிற ஆடிக்கு அப்பாவும் நானும் படவேட்டுக்குப் போய் உனக்காக மன்னிப்புக் கேட்கிறோம். இதைப் படிக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவானாலும், எங்கள் அம்மாவுக்காக ஒரு நிமிஷம் கும்பிடுங்கள். அன்றைக்குக் கடை வாசலில் சிரித்தவர்களும் கும்பிடுங்கள். அவள் கையில் எந்தக் குற்றமும் ஒட்டாமல் போய்ச் சேரட்டும்.