ஏழுமடையார் வீட்டுப் பில்லை

பில்லை பழசு, ஆணி புதுசு. ஊரிகம் தங்கச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் லைன் வீட்டுச் சுவரில் தொங்கிய அந்தப் பித்தளை வட்டத்தை நினைத்தால் முதலில் கண்ணில் குத்துவது அதன் ஆணிதான். சுரங்கத்தில் இறங்குகிறவர் கையில் வாங்கிப் போகும் பில்லை அது. எண் மட்டும் பொறித்திருக்கும், பெயர் இருக்காது. ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு பெயர்ந்து, தரையில் வெள்ளைப் பொடி கூட்டப்படாமல் கிடந்தது. அக்காவின் கல்யாணத்தைப் பேசப் பேத்தமங்களா மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை வந்த காலை அது.

முதல் முறை பேச்சு பாதியில் முறிந்திருந்தது. அக்காவும் அந்தப் பையனும் தினமும் பெங்களூர் ரயிலில் போய்வந்து பழகியவர்கள். இனிஷியலோடு காலம் தள்ளுகிற எங்களுக்கெல்லாம் வம்சப் பெயர் கல்யாணப் பத்திரிகையில்தான் தலைகாட்டும். எங்களுடையது ஏழுமடையார். மாரிகுப்பம்வரை தேடினாலும் அந்தப் பெயரில் இன்னொரு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரியப்பா ஒருநாள் குடியாத்தம் பக்கத்து ஏரி என்பார், இன்னொரு நாள் ஏதோ கோயில் மானியம் என்பார். கேட்கக் கேட்கச் சந்தேகம்தான் வளர்ந்தது. பத்திரிகைக்காக அவர் அந்தப் பெயரைச் சொன்னதும், பையனின் சித்தப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாங்களும் ஏழுமடையார்தாங்க. பங்காளி வூட்ல பொண்ணு எடுத்தா, அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டுன மாதிரி ஆயிடாதா?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாம் முறை பெரியப்பா பில்லையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "பேரு எங்களுது இல்லீங்க. உங்காளு ஒருத்தரு இங்க ஷாஃப்ட்ல வேல செஞ்சாரு. அறுப்புக்கு ஊருக்குப் போனவரு திரும்பல. எங்கப்பா அவரு பில்லைய எடுத்துக்கினு கேஜ்ல சொரங்கத்துக்கு எறங்குனாரு. மேஸ்திரி ரிஜிஸ்டர்ல அந்த நம்பருக்கு இருந்த பேரச் சொல்லித்தான் கூப்புட்டாரு. அதுவே ஒட்டிக்கிச்சி. நாங்க வேற ரத்தம்."

ஒருவர் விட்டுப்போன இடத்தில் இன்னொருவர் அதே பெயரில் இறங்குவது அந்தக் காலத்தில் நடந்ததுதான். சித்தப்பாவுக்கும் தெரியும். பில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சம்பந்தி, இத்தினி வருசமா எங்க பேர ஓசில ஓட்டிக்கினு இருந்தீங்களா?"

'சம்பந்தி' என்ற அந்த ஒரு சொல்லுக்கு உள்ளே கதவு திறந்தது.

அந்தக் கதையைப் பெரியப்பா அதற்குமுன் ஒருநாளும் சொன்னதில்லை. பில்லையையும் நான் வீட்டில் பார்த்ததில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய பொருள், தாத்தாவோடு எப்படி வீடு வந்து சேர்ந்தது? ஆண்டர்சன்பேட்டைப் பழைய சாமான் கடையில் இதுபோல் எத்தனையோ கிடக்கும். பெரியப்பா சாகும்வரை கேட்டுப் பார்த்தேன். "பெட்டில கெடந்துச்சுடா" என்பார், என் கண்ணைப் பார்க்காமல். கதை நிஜமென்றால், நான் யாரோ ஒருவரின் பெயரைச் சுமந்து திரிகிறேன். பொய்யென்றால், அக்கா... அந்த வாக்கியத்தை நான் முடிப்பதில்லை.

இன்று கைப்பேசியில் ஏழுமடையார் என்று தேடினால் வருகிறவர்கள் அதைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட அக்காவின் பிள்ளைகளும் என் மகளும்தான். யார் எந்த வழி என்று வெளியாளால் பிரிக்க முடியாது.

இந்த ஆயுத பூஜைக்கும் அக்கா வந்தாள். பில்லையைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டினாள். ஆணி துருவேறிக் கறுத்துவிட்டது. ஒருகாலத்தில் புதிதாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டேய், அந்த ஆணியையே மொறச்சிக்கினு நிக்காத. சாமியக் கும்புடு" என்றாள்.

ஆணியைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.