ஸ்டெல்லா அக்காவும் அடிபிடித்த பானையும்

மகள் வீட்டுக்குப் போயிருந்த ஸ்டெல்லா அக்கா இறந்துபோய்விட்டார் என்று அந்த மகள் நஞ்சன்கூட்டிலிருந்து அழைத்தபோது, என் அடுப்பில் அம்மாவின் வெண்கலப் பானையில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. போனைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. தீய்ந்த நாற்றம் வந்துதான் ஓடினேன். அடியெல்லாம் ஒரே கறுப்பு. பதறிப்போய் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? என்ன செய்வது என்று கேட்க அக்காவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்த பிறகுதான் புத்தி வந்தது.

தீக்காய வார்டு நர்சாகவும், நம் பங்குக் கோயில் பாத்திர அறையின் சாவிக்காரராகவும் அவரை அறிந்தவர்கள், இந்தப் பங்கு இதழைப் படிக்கும் நீங்கள். எனக்கு அடுத்த வீட்டு அக்கா.

அம்மா போனபின் எனக்கென்று வந்தது அந்தப் பானை ஒன்றுதான். சில வருடங்களுக்கு முன் நான் பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் அதில் பாயசம் வைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டார். வந்த ஆத்திரத்தில் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். சத்தம் கேட்டு மதிலுக்கு மேல் அக்காவின் தலை எழும்பியது.

“ஏ மேரி, கத்தியைக் கீழ வை! புண்ணுல ஒட்டின கட்டுத்துணியை இப்படித்தான் பிச்சு எடுப்பியா? ஸ்வல்ப இரு.”

கொஞ்சம் பொறு என்பதை அவர் கன்னடம் கலந்து அப்படித்தான் சொல்வார். புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு கொதி விட்டு இறக்கி, மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பூந்திக்கொட்டை நுரையோடும், வேலியில் காய்ந்த பீர்க்கங்காய் நாரோடும் வந்தார். நாருக்கு அதிக வேலையே இல்லை. ஓரத்தில் விரலைக் கொடுத்தார். கறுப்பு முழுவதும் அப்பளம் மாதிரி கழன்று வந்தது. அம்மாடி! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“இதுல என்ன அதிசயம்? அதுவா விடுற வரைக்கும் நாம கூட இருக்கணும், அவ்ளோதான்” என்றார்.

திருவிழாவில் பிரியாணி அண்டா அடிபிடித்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. ஆண்கள் இரும்புக் கரண்டியோடு இறங்கப் பார்த்தார்கள். அக்கா புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு, அண்டா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டார். சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்திய பங்குச் சாமியாரிடமே, “நீங்க பூசையைப் பாருங்க ஃபாதர், இதை நான் பாத்துக்கறேன்” என்றாரே!

அடக்கத்தன்று கோபிநத்தத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கழுத்திலும் கையிலும் பழைய தீத்தழும்பு. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “கட்டு மாத்த யாரு வந்தாலும் கத்துவேனுங்க. இவங்க ஒரு நாளும் இழுத்ததில்லீங்க. நனைச்சு நனைச்சு, அதுவா வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே உக்காந்திருப்பாங்க. வலிச்சதே தெரியாதுங்க.”

இத்தனை வருடமாக அவரிடம் நான் கற்றது பாத்திரம் கழுவும் வித்தை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

இதை எழுதும்போதும் அம்மாவின் பானை புளித்தண்ணீரில்தான் இருக்கிறது. காலையில் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பு நகக்கண் அளவுக்கு எழும்பியிருக்கிறது, மற்றது அசையவில்லை. வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து, “குடு, ஒரே சுரண்டு, முடிஞ்சுடும்” என்றார்.

“ஸ்வல்ப இருங்க” என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் அவர் கேட்காத வார்த்தை அது. அக்கா எனக்கு விட்டுப்போனதும் அதுதான். புதுத் தண்ணீர் ஊற்றி, பானையை மூடிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.