மச்சானின் புஷ்பராகம்

புதுப்பட்டினத்தில் குடியிருக்கிறேன். கனமான அணுக்களிலிருந்து சில எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்துவிட்டு, அந்த அணுக்களை அசுர வேகத்தில் பொருள்களின் மேல் பாய்ச்சிப் பார்ப்பது என் வேலை. அவற்றைக் கன அயனிகள் என்போம். பிளாஸ்டிக் தாளில் அவை போன வழியெல்லாம் தடம் விழும்; காரக் கரைசலில் ஊறவைத்தால் தடம் நுண்ணிய ஓட்டையாகும். சில நிறமற்ற படிகங்களோ மஞ்சளாகிவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தை என் மனைவியின் அண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன்.

அவருக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் மனை வியாபாரம். ஜோசியர் புஷ்பராகம் போடச் சொன்னதும், மகாபலிபுரத்துக் கடையொன்றில் மலிவாக ஒரு வெள்ளைக் கல்லை வாங்கி மோதிரத்தில் பதித்துக்கொண்டார். மஞ்சள்தான் வேண்டும் என்று ஜோசியர் திருப்பி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஒரு கையில் வஞ்சிரமும் மறு கையில் மோதிரமுமாக எங்கள் வாசலில் நின்றார்.

"மாப்ள, உன் மிஷின்ல இத்த ஒரு காட்டு காட்டிக் குடு."

"வெளிக் கல்ல உள்ள வுட மாட்டாங்க மச்சான். வுட்டாலும் அயனி ஒரு முடி கனத்துக்குக் கூட உள்ள போவாது. மேல்தோல்தான் மாறும்."

"வூட்டுக்குப் பெயிண்ட் அடிச்சா செவுத்துக்குள்ளயா போவுது?"

"சூடு பட்டா அந்தக் கலரும் போயிடும்."

"நான் இன்னா, மோதிரத்த வறுத்துத் துன்னப் போறனா?"

மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து வந்த என் மனைவி மோதிரத்தை வாங்கி, மஞ்சள் தூளை நீரில் குழைத்து, கல்லுக்குப் பின்னாலிருந்த குழியில் அப்பினாள். கல் பளீரென்று மஞ்சளானது. இயந்திரத்தில் என் முறை வருவதற்கே நான் மாதக்கணக்கில் காத்திருப்பவன்.

மச்சான் மோதிரத்தை மாட்டிக்கொண்டு அந்தக் கையாலேயே மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவப் போனவர் அங்கிருந்தே அலறினார்.

"மாப்ள! செவந்துபோச்சு!"

மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை. என்னைப் பயபக்தியோடு பார்த்தார்.

"சும்மா சொல்லாத. நீ மோதிரத்தத் தொட்டுப் பாத்த இல்ல? அந்த அயனி உன் கையில ஒட்டிகினு கீது."

ஜோசியரும் கைவிடவில்லை. சிவப்பு இன்னும் விசேஷம் என்று சொல்லிவிட்டாராம். செய்தி உறவுக்குள் பரவியது. போன வாரம் மதுராந்தகத்துப் பெரியம்மா ஒருவர், வெளிறிய கல் மூக்குத்தியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அயனி என்றால் என்னவென்று நான் முதலிலிருந்து தொடங்கினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் பெரிம்மா, மஞ்சளா வேணுமா, செவப்பா வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி சமையலறைக்குப் போனாள்.