அக்காவுக்கு மலாக்காவில் ஒரு ரூம்

"ரைஸ் குக்கரை யாரு தூக்கிட்டு வர்றது?"

போன செவ்வாய்க்கிழமை எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் என் தம்பி குணா போட்ட மெசேஜ் இது. படித்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த போனைச் சுவரில் அடித்திருப்பேன். புதுப் போன் என்பதால் தப்பித்தது.

ஒரு ரைஸ் குக்கருக்கா இவ்வளவு கோபம் என்கிறீர்களா? ஆமாம். ரைஸ் குக்கருக்குத்தான். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். எனக்குத்தான் அது கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

எனக்கு ஓர் அக்கா. சரோஜா. வயது அறுபத்திரண்டு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஓர் எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தவள். முதலில் பால்மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தாள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போட்டாள், உதிரிப்பழம் பொறுக்கினாள். இப்போது ஓய்வில் இருக்கிறாள்.

ஓய்வு என்றா சொன்னேன்? எஸ்டேட்டுக்குத்தான் ஓய்வு. காலை ஆறு மணிக்கு அத்தானுக்குத் தேத்தண்ணி கலக்க வேண்டும். ஏழு மணிக்கு மகள் பிரியா தன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். தம்பி வீட்டில் விசேஷம் என்றால் பெரிய சட்டியோடு அக்கா ஆஜர். செகிஞ்சானில் ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பிக்கு ஊரெல்லாம் அரிசி கிடைக்கும்... சோறாக்க மட்டும் அக்கா வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கண் பரிசோதனைக்காக அக்கா கோலா சிலாங்கூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். சனி, ஞாயிறானால் எங்கள் ஊரில் கோலாலம்பூரிலிருந்து வரும் கே.எல்.காரர்கள் கூட்டம். மின்மினிப் பூச்சி பார்ப்பார்கள், மலைமேல் குரங்குகளுக்குக் கடலை கொடுப்பார்கள், இங்கேயே தங்கிவிட்டுப் போவார்கள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஹோட்டலைத் தாண்டி நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். மணி பத்து இருக்கும். ஜன்னல்களில் பாதி இன்னும் திரை விலகவில்லை.

அக்கா நின்றுவிட்டாள்.

"ராணி, இவங்கள்லாம் இன்னும் தூங்குறாங்களா?"

ஆமாம் என்றேன்.

"யாரும் கதவைத் தட்ட மாட்டாங்களா?"

மாட்டார்கள், தட்ட வேண்டாம் என்று ஓர் அட்டையைக் கதவில் மாட்டிவிட்டால் போதும் என்றேன். அக்கா அந்த ஜன்னல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஏதோ கடையில் மிளகாய் வாங்க வேண்டும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நானும் ஒருநாளு அப்படித் தூங்கிப் பாக்கணும்."

எங்கே தூங்க வேண்டும் என்று கேட்டேன். மலாக்கா என்றாள். அக்கா மூன்று முறை மலாக்கா போயிருக்கிறாள். மூன்றும் சொந்தக்காரர் கல்யாணம். மூன்று முறையும் அவள் பார்த்த மலாக்கா, மண்டபத்தின் பின்பக்கம் வெங்காயம் உரிக்கும் இடம்தான். சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், ஆற்றங்கரை எதையும் பார்த்ததில்லை. சரித்திரப் புகழ் பெற்ற நகரத்துக்கு மூன்று முறை போய் வெங்காயத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரே ஆள் என் அக்காவாகத்தான் இருப்பாள் என்று சொல்ல வந்தேன். இல்லை, உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்.

அன்றைக்கே தேட ஆரம்பித்தேன். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள் நான். ஒரு காரியத்தில் இறங்கினால் ஃபைல் போடாமல் விடமாட்டேன். பெரிய ஹோட்டல் எல்லாம் அக்காவுக்கு ஒத்துவராது. பளிங்குத் தரையைப் பார்த்தாலே செருப்பைக் கழற்றிவிடுவாள். கடைசியில் ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டிய ஹோட்டல் கிடைத்தது. பன்னிரண்டே ரூம். நடுவில் வானம் தெரியும் முற்றம். லிஃப்ட் கிடையாது.

மூன்று முறை போன் பண்ணினேன். மாடிப்படி எத்தனை? அக்காவுக்கு வலது முட்டி தகராறு. கீழே ரூம் உண்டா? ஏர்கோன் வேண்டாம், ஃபேன் ஓடுமா? உட்காரும் கக்கூசா? ரிசப்ஷனில் இருந்த மலாய்க்காரப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவது முறை என் குரலைக் கேட்டதும் அவளே, படி இல்லை, ஃபேன் உண்டு என்று ஆரம்பித்துவிட்டாள். கீழ்த்தளத்தில் முற்றத்தைப் பார்த்த ரூம். இரண்டு கட்டில். எனக்கும் அக்காவுக்கும்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். போர்வை நாம் கொண்டு போக வேண்டுமா? வேண்டாம். கிளம்பும்போது ரூமைக் கூட்டிக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம் அக்கா. அப்படியானால் படுக்கையை யார் மடிப்பது?

யாரும் மடிக்க வேண்டாம், அப்படியே போட்டுவிட்டு வரலாம் என்றேன்.

அக்கா மெதுவாக, "அப்படியே போட்டுட்டு வந்துடலாமா..." என்றாள்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கெடுத்தது யார்? நான்தான். ரூம் படத்தையும் தேதியையும் அக்காவுக்கு அனுப்புகிறேன் என்று குடும்பக் குழுவில் போட்டுத் தொலைத்தேன். விரல் தவறிவிட்டது. அழிப்பதற்குள் எட்டுப் பேர் பார்த்துவிட்டார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? "வாவ், மலாக்கா!" என்றாள் பிரியா. தானும் புருஷனும் வருவார்களாம். அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அவர்கள் இருவரும் படகில் ஒரு ரவுண்ட் போய்விட்டு வருவார்களாம். அத்தானும் வருவாராம், அக்கா இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காதாம். தம்பி குடும்பம் ஐந்து பேர். மொத்தம் மூன்று கார்.

தம்பி எனக்குப் போன் போட்டான்.

"எதுக்குக்கா ரெண்டு மூணு ரூமு? அந்த ஒரு ரூம் போதும்லா. நாலு பாய் எடுத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. ஜிமாட்டா போயிட்டு வந்துடலாம்."

ஜிமாட். சிக்கனம். இந்த ஒரு மலாய் வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் பண்ணுகிற அக்கிரமம் இருக்கிறதே... இரண்டு பேர் ரூமில் பன்னிரண்டு பேர் படுப்பது நமக்கொரு தனிக்கலை. இரண்டு இரண்டு பேராக, ஒருவரையொருவர் தெரியாதது போல ரிசப்ஷனைத் தாண்டுவோம். பாயைத் துண்டில் சுற்றி ஏதோ சாமான் மாதிரி எடுத்துப் போவோம். உள்ளே போனதும் குளியலறைப் பிளக்கில் ரைஸ் குக்கர். வாசமடிக்கிறது என்று யாராவது கதவைத் தட்டினால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் யோக்கியம் இல்லை. பினாங்கில் ஒருமுறை பின்படியில் பாய் சுமந்தவள்தான். ஆனால் அந்தக் குக்கருக்குப் பக்கத்தில் எப்போதும் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

தம்பியிடம் கத்தினேன். அக்கா தூங்கத்தானே போகிறாள், அங்கேயும் அவள்தான் சமைக்க வேண்டுமா என்று கேட்டேன். அவன் அசரவில்லை.

"அக்காவுக்குச் சமைக்கிறதுதான்லா சந்தோஷம். வேணாம்னு சொன்னாதான் அது வருத்தப்படும்."

இந்த வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். இதைவிடச் சாமர்த்தியமான வாக்கியம் தமிழில் கிடையாது. ஒருத்தியை நாற்பது வருஷம் அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் அவளுக்கு அதுதான் சந்தோஷம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நன்றி சொல்ல வேண்டாம், கை மாற்ற வேண்டாம், குற்ற உணர்ச்சிகூட வேண்டாம். அவளிடம் யாராவது கேட்டீர்களா? ஒரு தடவையாவது? வாய் இருக்கிறதே என்று நாமே அவளுக்காகவும் பேசிவிடுகிறோம்.

வியாழக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன். அக்காவை உசுப்பேற்றி, யாரும் வர வேண்டாம் என்று அவள் வாயால் சொல்ல வைத்துவிடுவது என் திட்டம்.

உள்ளே போனால் அக்கா அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தண்டச்சோறுகளுக்கு எதற்கு வறுக்கிறாய், கரண்டியைத் தூக்கிப் போடு என்று சத்தம் போட்டேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது உனக்குத்தான். நீதான மெசேஜ் போட்ட?"

போட்டிருந்தேன். அந்தக் கூத்துக்கு நடுவே நானும் ஒரு வரி தட்டியிருந்தேன். அக்கா, நெத்திலி சம்பல் மட்டும் ஒரு போத்தல் எடுத்துக்கோ, பஸ்ஸில் போகும்போது பன்னுக்குத் தொட்டுக்கலாம். போட்டதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் கேட்பதெல்லாம் கேட்பதில் சேர்த்தியில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். தம்பி காலையில் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருந்தான். ஐந்தரைக்கு எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது. ஆறரைக்குப் பசியாற, காலைச் சாப்பாடு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு பெயர். குளிப்பாட்ட - அக்கா. பசியாற - அக்கா.

"அங்கயும் பெரட்டா, ராணி?"

எஸ்டேட்டில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரட்டு என்றால் விடியுமுன்னே வரிசையில் நிற்பது. வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார், இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எந்த வேலை என்று அவர் சொல்வார். பிந்தினால் வேலை இல்லை. உடம்பு முடியாவிட்டாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் அக்கா அப்படி நின்றிருக்கிறாள். அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். நெத்திலி பாதிதான் வறுபட்டிருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஹோட்டல் நம்பரைக் கேட்டாள். அவளே பேசினாள். எஸ்டேட் மலாய்தான், ஆனால் தடுமாறவில்லை. என் பெயரில் இருக்கும் ரூமைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னாள். எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும்.

"சோராங் சாஜா, டிக்."

ஒரே ஆள் மட்டும், தங்கச்சி. எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். அவள் போனை வைக்கும்வரை காத்திருந்தேன். அப்போ நான்? அந்த ஹோட்டலைக் கண்டுபிடித்தது யார்? படியை விசாரித்தது யார்? ஃபைல் போட்டது யார்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

அக்கா என் தோளில் கையை வைத்தாள். ஈரம் காயாத கை.

"நீ வந்தா பேசிக்கிட்டே இருப்ப, ராணி. நான் ம் கொட்டிக்கிட்டே இருக்கணும். அதுவும் வேலைதாம்மா."

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று நினைவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தம்பி, பிரியா, அத்தான் என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். அதில் எனக்கும் ஓர் இடம் இருக்கும் என்று யார் கண்டது?

நேற்று, வெள்ளிக்கிழமை காலை, அக்கா கே.எல். பஸ்ஸில் ஏறினாள். அங்கே மலாக்கா பஸ் மாற வேண்டும். ஒரே ஒரு துணிப்பை. தூக்குச்சட்டி இல்லை. தம்பி குழுவில் இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறான், அக்கா மாறிவிட்டதாம். பிரியா பிள்ளைகளுக்காக லீவு எடுத்திருக்கிறாள். மாலையில் அக்காவிடமிருந்து ஒரே ஒரு படம் வந்தது. வெள்ளை விரிப்பு போட்ட கட்டில். ஆள் இல்லை. ஒரு வார்த்தை இல்லை.

இதை எழுதும்போது சனிக்கிழமை காலை ஒன்பதரை. ரூம் நன்றாக இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா, முட்டி வலிக்கிறதா என்று கேட்க எனக்குக் கை பரபரக்கிறது. அதற்குள் அத்தான் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுவிட்டார். சீனி டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையாம், சரோஜாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கட்டுமா என்கிறார்.

போடாதீர்கள் அத்தான். தேடுங்கள். அக்கா தூங்குகிறாள்.