வேகமாகத் தவறிய கம்பைலர்

டெல்லி நேரு பிளேஸில் நாங்கள் நான்கு பேர் ஒரு சிறிய நிரல்மொழியைப் பராமரித்துவந்தோம். அதைப் பயன்படுத்தியது ஒரே ஒரு நிறுவனம். அவர்களும், எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் ஆமை வேகம் என்று அலுத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் வேகம் கூடாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் போனால் எங்கள் நால்வர் வேலையும் போகும்.

நேரமெல்லாம் பெயர் தேடுவதில்தான் போனது. நிரலில் ஒரு பெயர் வந்தால் கம்பைலர் முதலில் அந்தப் பெயர் இருக்கும் பிளாக்குக்குள், அதாவது நிரலின் அந்தச் சிறு பகுதிக்குள் தேடும். இல்லாவிட்டால் அதைச் சூழ்ந்த பிளாக்கில். பிறகு அதற்கும் வெளியே. அடுத்த வரியில் அதே பெயர் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. நேற்று ஹாலில் எடுத்த கத்திரிக்கோலை இன்றும் படுக்கையறையிலிருந்து தேடத் தொடங்கும் என் வீட்டுக்காரரைப் போல. கண்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பறந்தது. எங்கள் சோதனை நிரல்கள் எல்லாம் தேறின. கர்வமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கொடுத்த இரண்டாம் நாளே விடைகள் தப்பாக வருவதாகப் புகார். ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்து, ‘அதாவது’ என்பதற்குக்கூட இந்தியில் ‘மத்லப்’ என்னும் என் குழுப்பெண் அவர்களுடைய நிரலைத் திறந்து பார்த்தாள்.

“அக்கா, வெளிய வச்ச பேரையே உள்ள பிளாக்லயும் புதுசா வச்சிருக்காங்க. நம்மளது பழைய இடத்துக்கே போயிடுது. மத்லப், உள்ள இருக்கறத பாக்கவே இல்ல.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சோதனையில் இது ஏன் சிக்கவில்லை என்பதுதான் கொடுமை. ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு, கொண்டுவந்ததே நான்தான். சோதனை நிரல்களை எழுதியவர்களும் நாங்களே. வெளியாட்களுக்கு எங்கள் ஆசாரம் எப்படித் தெரியும்?

பழைய கம்பைலரையே திருப்பிக் கொடுத்தோம். முன்பு மெதுவாகவாவது சரியாக வந்தது, இனி எதையும் நம்ப முடியாது என்று விலகிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

குழுவைக் கலைத்த பிறகு மயூர் விஹார் வீட்டில் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். பதினோரு வரிதான். வேகமும் குறையவில்லை, விடையும் பிசகவில்லை. இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது.

“அச்சா, எல்லாம் சரியா வருதுக்கா. இத யாருக்கு அனுப்பணும்?”